பின்பக்கம் தாழாத கார்

1

எங்கள் ஊரில் வாகனச் சோதனை நிலையம் ஒன்றுதான் உண்டு. ஊர் என்று நான் சொல்வது மன்னாரை அல்ல. நோர்வேயின் வடக்குக் கரையில், மீனை நம்பிப் பிழைக்கிற ஒரு சின்னத் துறைமுக நகரத்தை. வரைபடத்தில் விரலை மேலே மேலே கொண்டுபோய், இதற்கு அப்பால் மனிதர் இருக்க மாட்டார்கள் என்று நீங்கள் நிறுத்துகிற இடத்துக்கும் கொஞ்சம் மேலே நாங்கள் இருக்கிறோம். நானும் மனைவி ரெஜினாவும் இங்குள்ள மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். தலைமன்னாரில் பிறந்தவன் உலகத்தின் மறுகோடிக்கு வந்தும் மீன்தான் வெட்டுகிறான் என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன்.

போன மாதம் எங்கள் பழைய காரை அந்தச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனேன். பழைய காரென்றால், எங்கள் மகள் அனுவின் வயது அதற்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கதிரைகள் போட்டிருந்தார்கள். அதில் இருந்து கோப்பி குடித்தபடி அந்தப் பக்கம் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதிக்கிறவர் நல்ல உயரமான மனிதர். விளக்குகளைப் பார்த்தார், ரயர்களைப் பார்த்தார், குனிந்து அடியைப் பார்த்தார். பிறகு காரின் பின்னால் போய், டிக்கியின் மூலையில் உள்ளங்கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார்.

கார் மேலும் கீழுமாக ஆடியது. சீக்கிரத்தில் அடங்கவில்லை. அவர் மறுபடி அமுக்கினார்.

நான் எழும்பி நின்றுவிட்டேன். எழும்பினதுகூடப் பரவாயில்லை, வலக்கை தானாகவே சட்டைப் பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த அட்டையைத் தொலைத்துக் கனகாலம். இந்த நாட்டின் குடியுரிமை எடுத்தும் கனகாலம். காற்சட்டையில் கோப்பி ஊற்றுண்டதுகூடத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன்.

சோதனைக்காரர் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். பின்பக்கத்துச் சொக் அப்சோபர் இரண்டும் முடிந்துவிட்டன, உள்ளே இருந்த எண்ணெய் கசிந்து வெளியே வந்துவிட்டது. புதிது மாற்றிக்கொண்டு வந்து மறுபடி காட்ட வேண்டும். குறித்த திகதிக்குள் காட்டாவிட்டால் வீதிப் போக்குவரத்துக் கந்தோர்க்காரர் நம்பர்த் தகட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இதையெல்லாம் அவர் மிகவும் தன்மையாகத்தான் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மீனின் ஒவ்வோர் உறுப்புக்கும் எனக்கு அந்த மொழியில் சொல் தெரியும். காரின் உறுப்பைப் பற்றிப் பேசினால் தலையாட்டுவது மட்டும்தான்.

வேறு காலமாக இருந்தால் காரை உடைக்கக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் கார் இனி எனக்கில்லை. ஆவணியில் அனு தாதிமைப் படிப்புக்காகத் தெற்கே ஒரு நகரத்துக்குப் போக இருந்தாள். முழுநாள் ஓட்டம். முதலில் கடலோரம், பிறகு மலை, மலைக்கு மேலே வீடுவாசல் இல்லாத வெறும் வெளி. விமானத்தில் போ பிள்ளை என்று நானும் ரெஜினாவும் கெஞ்சிப் பார்த்தோம். இந்தக் காரில்தான் போவேன், தனியாகத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவள் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறொன்றும் வேண்டாம். அதை நினைத்தாலே பயமாக இருந்தது.

2

உங்களில் கார் வைத்திருக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிறிங். பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது அந்த ஸ்பிறிங் ஆடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். அதை ஆடவிடாமல் அடக்குவதுதான் அப்சோபரின் வேலை. அடக்கினால்தான் சக்கரம் வீதியை விட்டு எழும்பாமல் இருக்கும்.

இதை நான் தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளைகளில் போனைத் தடவித் தடவிப் படித்தேன். எங்கள் காருக்குப் பொருந்துவதில் மூன்று வகை இருந்தன. ஒன்று, எண்ணெய் மட்டும் உள்ள மெதுவானது. கார் புதிதாக வந்தபோது அதில் இருந்ததும் அதுதான். இரண்டாவது, எண்ணெயோடு வாயுவும் அடைத்தது, கொஞ்சம் விறைப்பு. மூன்றாவது, அப்சோபரைச் சுற்றி இன்னொரு ஸ்பிறிங்கும் போட்டது. படகு கட்டி இழுக்கிறவர்கள், கல்லும் மண்ணும் ஏற்றுகிறவர்கள் வாங்குவது. அதற்குக் கீழே ஒரு படம் போட்டிருந்தார்கள். டிக்கி நிறையச் சாமான். ஆனால் கார் மட்டமாக நிற்கிறது. பாரம் எவ்வளவு ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது என்று எழுதியிருந்தது.

அந்தப் படத்தை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. பேயறைந்தவன் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு ஆறிப்போனது.

இருந்தாலும் ஒருவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கூப்பிடு தூரத்தில் கராஜ் இருக்க, அப்சோபருக்கு யோசனை கேட்கத் தலைமன்னாருக்குப் போன் எடுத்தவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் அக்காவின் கணவர் யேசுதாசன் அத்தான் அங்கே நாற்பது வருடமாக வாடகைக்கு வாகனம் ஓட்டுகிறார். அந்தக் காலத்தில் கார், இப்போது வான்.

"அத்தான், அனுவின்ர காருக்குப் பின் அப்சோபர் மாத்த வேணும். மூண்டு வகை இருக்கு. எதைப் போட?"

"பிள்ளை தனியவோ போறாள்?"

"ஓம்."

"எவ்வளவு தூரம்?"

"விடியப் புறப்பட்டாப் பொழுதுபடத்தான் போய்ச் சேருவாள்."

"அப்ப என்ன கேள்வி? இருக்கிறதுக்குள்ள இறுக்கமானதைப் போடு. பின்பக்கம் தாழக் கூடாது, சூசை. பொம்பிளைப் பிள்ளை."

"இஞ்ச ஆமிச் சென்றி ஒண்டும் இல்லை, அத்தான்."

"இஞ்சயும்தான் இப்ப இல்லை. சென்றி நிண்ட இடத்தில இளநி விக்கிறாங்கள். அதுக்காக நான் என்ர வானின்ர பின்பக்கத்தை இறக்கிப் போட்டனோ? நாளைக்கு என்ன வரும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

அவர் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. போனை வைத்தபோது மனம் கொஞ்சம் ஆறியிருந்தது.

3

இதை இளையவர்கள் யாராவது படித்தால், பின்பக்கம் தாழ்ந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பார்கள். எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். மன்னார்த் தீவு ஆமியின் கையில், பாலத்துக்கு அங்கால் பெருநிலம் இயக்கத்தின் கையில். தலைமன்னாரில் இருந்து மன்னார் ரவுணுக்கு வருகிற ஒற்றை வீதியில் வாகனங்களை மறித்துச் சோதிக்கிற சென்றிகள் எத்தனையோ. அத்தானிடம் அப்போது ஒரு பழைய இங்கிலாந்துக் கார் இருந்தது. ஸ்பிறிங் தகடுகள் களைத்துப் படுத்துவிட்டன. அப்சோபரில் சொட்டு எண்ணெய் இல்லை. புதிது வாங்கக் கடையில் சாமான் இல்லை.

அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தது ஒரு பகல்பொழுதில். அக்காவையும் அம்மாவையும் பின்னால் ஏற்றினோம். நான் முன்னால். அத்தான் செபம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். ரவுணுக்குக் கிட்டவாக ஒரு சென்றியில் மறித்தார்கள். மறித்த பையனுக்கு என் வயதுதான் இருக்கும். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, காரின் பின்பக்கத்தைப் பார்த்தான். அது ரயரில் முட்டுகிற மாதிரித் தாழ்ந்து கிடந்தது.

"பஹிண்ட. ஒக்கொம பஹிண்ட." சிங்களத்தில் எல்லாரையும் இறங்கச் சொன்னான்.

அக்காவைத் தாங்கி இறக்கினோம். டிக்கியைத் திறக்கச் சொன்னான். உள்ளே ஒரு பாயும், துணிமூட்டையும், சுடுதண்ணீர்ப் போத்தலும். அவ்வளவுதான். ஒன்றும் இல்லாததுதான் பிழையாகப் போனது. ஒன்றுமில்லாத கார் எப்படி இவ்வளவு தாழும்? எங்கேயோ ஒளித்துக் குண்டு ஏற்றியிருக்கிறோம் என்றுதானே நினைப்பான். டிக்கியை மூடிவிட்டு உள்ளங்கையால் அமுக்கினான். கார் ஆடியது. இன்னும் பலமாக அமுக்கினான். தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே நின்றது.

அத்தான் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "பழசு சேர், ஸ்பிறிங் பழசு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் விசில் ஊதினான். காம்புக்குள் இருந்து இன்னும் ஆட்கள் வந்தார்கள். பின் சீற்றைக் கழற்றினார்கள். கதவுக்குள் இருந்த மட்டையைக் கழற்றினார்கள். கழற்றிய சீற்றை வீதியோரம் போட்டு அக்காவை அதில் இருத்தினோம். அவள் அம்மாவின் கையைக் கடித்தாள், சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் அவர்கள் பயந்து ஏதாவது செய்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். நான் கைகளை மேலே தூக்கியபடி நின்றேன். யாரும் தூக்கச் சொல்லவில்லை. மூத்திரம் முட்டிக்கொண்டு நின்றது. அந்த வெயிலில் எனக்குக் குளிரில் நடுங்குகிற மாதிரிப் பல் அடித்தது.

கடைசியில் அந்த வழியாக வந்த ஓர் ஐஸ் லொறியை அவர்களே மறித்து, அக்காவையும் அம்மாவையும் அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில் பிறந்தது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள், மாதாவின் புண்ணியம். அத்தானைக் காம்புக்குள் கொண்டுபோய்ப் பொழுதுபடத்தான் விட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவர் இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. வந்ததும் வீட்டுப் பின்புறக் கோடியில் குந்தி, ஸ்பிறிங்கைக் கழற்றத் தொடங்கினார்.

எங்கேயோ தேடி ஒரு லொறியின் தகடுகளை வாங்கிவந்து அடுக்கினார். அந்தக் காலத்துக் காரில் அப்சோபர் ஒரு சின்ன இரும்புப் பெட்டி, மூடியைத் திறந்து எண்ணெய் விடலாம். உரிய எண்ணெய் கிடைக்கவில்லை என்று, வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயை அதற்குள் விட்டார். கார் நின்ற இடமெல்லாம் பூனைகள் வந்து படுத்தன. பின்பக்கம் உயர்ந்து, முன்பக்கம் தாழ்ந்து, கோயிலில் முழங்காலில் நிற்கிற ஆளைப்போல ஆகிவிட்டது கார். உள்ளே இருந்தால் முதுகெலும்பு கழன்றுவிடும். ஆனால் சென்றியில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு தலைமன்னாரில் இருந்து உயிலங்குளம் வரைக்கும் ஓடிய ஹயர் கார்கள் எல்லாமே அப்படித்தான் நின்றன. நல்ல கார் என்றால் பின்பக்கம் தாழாத கார். அதுவும் போதாதென்று, சென்றி தெரியத் தொடங்கியதும் ட்ரைவர்மார் "முன்னுக்குச் சாயுங்கோ" என்பார்கள். பின்னால் இருக்கிறவர்கள் எல்லாரும், கிழவர், பிள்ளைத்தாய்ச்சி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒன்றாக முன் சீற்றின் மேல் சாய்வோம். பின்பாரம் குறையுமாம். குறைந்ததோ இல்லையோ, சாயாத ஆளை ட்ரைவர் அடுத்தமுறை ஏற்ற மாட்டார். இங்கே பொலிஸ் காரைக் கண்டால் நானும் ரெஜினாவும் இன்றைக்கும் முன்னுக்குச் சாய்ந்துவிடுகிறோம். அம்மாவும் அப்பாவும் பொலிசைக் கும்பிடுகினம் என்று அனு சின்னதில் தன் சிநேகிதிகளுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஏன் என்று அவளுக்கு நாங்கள் சொன்னதில்லை.

4

கராஜில் மெக்கானிக் இங்ரிட் என்ற பெண். கேட்டதைச் செய்வாள், வீண் கதை இல்லை.

மூன்றாவது வகைதான் வேண்டும் என்று போனில் படத்தைக் காட்டினேன். அவள் என் காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எதை இழுக்கப் போகிறீர்கள்? படகா?"

"படகுதான்" என்றேன். என்னிடம் ஒரு துடுப்புக்கூட இல்லை.

"சும்மா ஓடுகிற காருக்கு இது கூடாது. பாரம் இல்லாவிட்டால் பின்பக்கம் துள்ளும். மழை நேரத்தில் கவனம்."

எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் அவள் சொன்னது ஏதோ வேறு ஆட்களின் காரைப் பற்றிச் சொல்வது மாதிரி இருந்தது. மறிக்கப்படாத ஆட்களின் கார். நான் வழமைபோலத் தலையாட்டினேன்.

வேலை முடிந்து காரை வெளியே எடுத்தாள். பின்பக்கம் கையளவு உயர்ந்திருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை என்று தெரிந்தபின் டிக்கியில் கையை வைத்து என் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கினேன். அசையவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? சோதனை நிலையத்திலும் ஒரு குறை சொல்லாமல் கடதாசியைத் தந்தார்கள்.

ரெஜினா வாசலில் நின்று பார்த்தாள். அவள் பேசாலைப் பெண், அதே மன்னார் வீதியில் முன்னுக்குச் சாய்ந்து வளர்ந்தவள்.

"இப்பதான் கார் காராத் தெரியுது" என்றாள்.

அனு மேல்மாடி ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, அது ஏன் குனிஞ்சு நிக்குது? ஏதும் விழுந்திட்டுதோ?"

"பாதுகாப்புக்கு" என்றேன்.

அவளும் தலையாட்டினாள். என் பிள்ளைதானே.

5

இங்கே மாதத்தில் ஒரு ஞாயிறுதான் கத்தோலிக்கப் பூசை. சுவாமி வேறு ஊரிலிருந்து வருவார். அன்றைக்குப் பூசை முடிந்ததும் "கடற்கரை றோட்டால ஒருக்கா ஓடிக் காட்டு, பாப்பம்" என்று அனுவிடம் சொன்னேன். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். மழை தூறிக்கொண்டிருந்தது.

இந்தப் பக்கத்து வீதிகள் பார்வைக்குத்தான் நல்லவை. மாரிக் குளிரில் மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் உறைந்து வீதியை மேலே தள்ளும். பனி கரைந்தபின் அது திட்டும் பள்ளமுமாகக் கிடக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தகர வேலி, வேலிக்குக் கீழே கடல். எங்கள் கடல் மாதிரி மணலில் படுத்துக் கிடக்கிற கடல் இல்லை. கறுப்பாக, ஆழமாக, கரையிலேயே ஆளை விழுங்குகிற கடல்.

ஒரு வளைவில் அடுத்தடுத்து இரண்டு திட்டுகள். அவள் வேகமாக ஓட்டவில்லை, அதைச் சொல்ல வேண்டும். முதல் திட்டில் பின்பக்கம் துள்ளியது. கீழே வந்து வீதியைப் பிடிக்குமுன் இரண்டாவது திட்டு. பிறகு என் ஜன்னலில் வீதி இல்லை, கடல் இருந்தது. கார் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. நான் "மாதாவே" என்று கத்தினேனா, நினைத்தேனா என்று தெரியாது. அனு கத்தவில்லை. ஸ்ரியறிங்கைப் பதறாமல் திருப்பிக் காலை எடுத்தாள். லைசென்ஸ் தருமுன் வழுக்குகிற தரையில் ஓட்டப் பழக்குவது இந்த நாட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தைச் செய்த ஆள் யாரென்றாலும் அவருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன். வேலிக்கு ஒரு சாண் இருக்கக் கார் நேராகியது.

ஓர் ஒதுக்குப்புறத்தில் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள்.

"இது முதல் தரமில்லை, அப்பா. போன கிழமையும் ஒருக்கா இப்பிடி வந்தது."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்கள் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்கள். சொன்னாப் பிறகு என்னைப் போக விடமாட்டீங்கள் எண்டும் பயம்."

பிறகு கேட்டாள். "அப்பா, இந்தக் கார் ஏன் இப்பிடி நிக்க வேணும்?"

சொன்னேன். மழையில் கண்ணாடி மங்கிப்போக, காருக்குள் இருந்து முதல்முறையாக அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சென்றி, அந்த அமுக்கு, வீதியோரம் சீற்றில் இருந்த என் அக்கா, அதாவது அவளுடைய மாமி, ஐஸ் லொறி, முன்னுக்குச் சாய்வது, எல்லாம். வருஷத்துக்கொருமுறை நத்தார்ப் பண்டிகைக்குப் போனில் "எப்பிடி இருக்கிறியள் மாமி" என்று கேட்கிற அந்த மாமிக்கு இப்படியெல்லாம் நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப என்னை ஆமி மறிக்கக் கூடாது எண்டுதான் இதைப் போட்டனீங்களோ?"

அவள் சொன்னபோதுதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

"அப்பா, இந்த றோட்டில என்னை ஒருத்தரும் மறிக்க மாட்டினம். இப்ப நாங்கள் கடலுக்குள்ள போயிருந்தாலும் ஒருத்தரும் கண்டிருக்க மாட்டினம்."

சுற்றிவரப் பார்த்தேன். மழை, பாறை, கடல். நாங்கள் நின்ற நேரம் முழுக்க ஒரு வாகனம்கூட அந்த வழியால் வரவில்லை. இத்தனை வருடமாக இங்கே இருக்கிறேன், இந்த வீதிக்கு நான் ஒருநாளும் பயந்ததில்லை. ஆளில்லாத வீதி என்றால் நல்ல வீதி என்பதுதான் என் கணக்கு. இப்போது அந்த வெறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் பிடித்தது. திரும்பி வரும்போது நான் ஓட்டினேன், நடக்கிற வேகத்தில்.

6

அடுத்த நாளே இங்ரிட்டிடம் போனேன். இதைக் கழற்றிவிட்டு, கார் வந்தபோது இருந்த மெதுவான வகையையே போடச் சொன்னேன்.

"படகை விற்றுவிட்டீர்களா?" என்று கேட்டாள்.

"விற்றுவிட்டேன்" என்றேன்.

தலைமன்னாருக்கும் சொன்னேன். அத்தானுக்குக் கோபம். "உன்ர பிள்ளை, உன்ர கார். நான் இனி என்னத்தைச் சொல்ல?" என்று போனை அக்காவிடம் கொடுத்துவிட்டார். அக்கா மெல்லச் சொன்னாள். "அவருக்கு அப்பிடித்தான் வரும். நீ பிள்ளைக்கு எது நல்லதோ அதைச் செய்."

ஆவணியில், மடுத்திருவிழா முடிந்த கிழமை அனு புறப்பட்டாள். ரெஜினா அரிசி மூட்டையில் தொடங்கினாள். மிளகாய்த்தூள், ஒடியல்மா, பிரஷர் குக்கர், போர்வைகள், புத்தகப் பெட்டிகள், ஒரு சின்னக் கல்லுரல். உரல் எதற்கு என்று கேட்டேன். "அங்க சம்பலை எதில இடிப்பாள்?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டாள். ஒவ்வொரு சாமான் ஏறும்போதும் கார் பின்னால் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் அது நின்ற கோலத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் என்னவெல்லாம் செய்து எதைத் தடுக்கப் பார்த்தேனோ, அதே கோலம். சாமானைக் குறைப்போம் என்றேன். இருவரும் கேட்கவில்லை. ரெஜினாவும் அந்தப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். சிலுவை அடையாளம் போட்டாள்.

மலை ஏறுகிற இடத்தில் நின்று கூப்பிடுவதாக அனு சொல்லியிருந்தாள். மத்தியானத்துக்குள் கூப்பிட வேண்டும். மத்தியானம் போனது. நான் எடுத்தால் மணி அடிக்கிறது, ஆளில்லை. ரெஜினா செபமாலையை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்துவிட்டாள். நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். கறுப்புக் கடல் கண்ணை விட்டுப் போகவில்லை. பொலிசுக்குப் போன் எடுப்போமா என்று நினைத்து, அதற்கும் பயந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது மணி அடித்தது.

"அப்பா, பொலிஸ் மறிச்சது."

"ஏன்? என்னத்துக்கு?"

"கார் பின்னுக்குத் தாழ்ந்து கிடக்கெண்டு. தராசில ஏத்தி நிறை பாத்தவை. பின்னுக்குப் பாரம் கூடவாம்." அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"இறக்கினவங்களோ? உன்னைக் காரால இறக்கினவங்களோ?"

"சாமானை எல்லோ இறக்கினது. அரிசி மூட்டையையும் உரலையும் முன் சீற்றில வைக்கச் சொன்னவர். தானே தூக்கியும் தந்தவர். அரிசி மூட்டைக்கும் பெல்ற் போட்டுவிட்டவர், அப்பா!"

"உன்ர பேரைக் கேட்டவங்களோ?"

"ஓம். லைசென்ஸைப் பாத்துப் பேர் கேட்டவர்."

"நீ என்ன செய்தனீ?"

"சொன்னனான். பிறகு நானும் அவரின்ர பேரைக் கேட்டனான்."

"ஏன் கேட்டனீ?" என் குரல் எனக்கே உயர்ந்து கேட்டது. "ஏன் பிள்ளை அப்பிடிக் கேட்டனீ?"

"அவர் என்ர பேரைக் கேட்டவரெல்லோ" என்றாள். அவளுக்கு என் கேள்வி விளங்கவில்லை.

போனை ரெஜினாவிடம் கொடுத்தேன். அவள் சாப்பிட்டியா, மலையில் பனிப்புகாரா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில், மறித்த சீருடைக்காரனிடம் அவனுடைய பெயரைக் கேட்ட முதல் ஆள் என் மகள்தான்.